அரிசியும் யானையும்

நாஞ்சில் மலைக்கு உரியவனான வள்ளுவன் என்ற சிற்றரசனைப் பற்றிப் புறநானூற்றில் சில பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் 140-ஆவது பாட்டு ஔவையார் பாடியது. எங்கள் ஜில்லாவில் தமிழ்க் கூட்டம் எது நடந்தாலும், யாராவது ஒருவர் இந்தப் பாட்டைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. விஷயம் சின்னது. ஔவையுடன் வந்த விறலியர் தோட்டத்தில் கீரை பறித்தார்கள். அதோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி வேண்டியிருந்தது. ஔவை போய்க் கேட்டாள். வள்ளுவன் அவர்களுடைய வறுமையையும் பார்த்தான், தன்னுடைய பெருமையையும் பார்த்தான். ஒரு பெரிய யானையைப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

கொடைக்கு இதைவிட உதாரணம் உண்டா என்று பேச்சாளர் கேட்பார். நாங்கள் கை தட்டுவோம். நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய ஊர்க்காரர்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு யானை கிடைத்தால் சும்மா விடுவோமா? ஆனால் பாட்டை ஒருமுறை நிதானமாகப் படித்தால் ஔவை அவனை அறியாதவன் என்று சொல்லித்தான் தொடங்குகிறாள். இப்படியும் கணக்குத் தெரியாத கொடை இருக்குமா என்று ஆச்சரியப்பட்டு முடிக்கிறாள். பழிப்பதுபோலப் புகழ்வது என்று உரை சொல்லுகிறவர்கள் சொல்வார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் கதை எழுதிப் பிழைக்கிறவனுடைய புத்தி கொஞ்சம் கோணலாக வேலை செய்கிறது. அன்று ராத்திரி விறலியர் அந்தக் கீரையை எதோடு சாப்பிட்டார்கள்? யானைக்குத் தீனி யார் போட்டார்கள்?

இந்த மாதிரிக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்தவள் எங்கள் தெருவில் இருந்த ஒரு ஆச்சி. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நாணயமாக இராது.

1999-ல் எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வருஷம் மே மாதம் தொடங்கி ஜூலையில் முடிந்த கார்கில் யுத்தம்தான் எங்கள் தெருக்காரர்கள் டெலிவிஷனில் உட்கார்ந்து பார்த்த முதல் யுத்தம். சாயங்காலமானால் டெலிவிஷன் இருந்த வீடுகளில் கூட்டம் கூடும். பனிமலை மேல் பீரங்கி வெடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரே இருப்பில் ஒரு கதை எழுதினேன். ஒரு நாஞ்சில்நாட்டுத் தாய். விதவை. ஒரே மகன் பட்டாளத்தில். மகன் இறந்த செய்தி வருகிறது. ஊர் அழுகிறது, தாய் அழவில்லை. இன்னொரு பிள்ளை இருந்தால் அவனையும் அனுப்பியிருப்பேன் என்கிறாள். கதை அங்கே முடிகிறது. ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது, பரிசும் கொடுத்தது. என் முதல் பரிசு அதுதான். பல பேர் கடிதம் எழுதினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று அதை நாடகமாகவும் போட்டார்கள்.

ஆச்சியின் இளைய மகன் அப்போது காஷ்மீரில் இருந்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மருமகள் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒருநாள் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது கூப்பிட்டாள்.

“ஏ மக்கா, நீ எழுதினத மருமவ படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் இருக்கு. அந்தத் தள்ள அண்ணைக்கிச் சோறு தின்னாளா?”

எனக்குப் புரியவில்லை. “என்ன ஆச்சி கேக்கிய?” என்றேன்.

“அத நீ எழுதல்லியே. அவ தின்னாளா, தின்னல்லியா? பய போனதுக்குப் பொறவு அவ ஒருத்திக்கு எத்தன அரிசி போட்டா? அதான் கேட்டேன்.”

வேறொன்றும் சொல்லவில்லை. கோபமும் படவில்லை. அவள் மகன் உயிரோடு திரும்பி வந்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது ஊரில்தான் இருக்கிறான். ஆச்சி காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவளுடைய கேள்வியைப்போல ஒரு விமர்சனத்தை என் எழுத்துக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

என் கதையில் இருந்த தாய் எங்கிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த புறநானூற்றிலிருந்து வந்தாள். முந்தின யுத்தங்களில் தகப்பனையும் புருஷனையும் இழந்தவள், பறையொலி கேட்டதும் ஒரே மகனையும் அனுப்புகிறாளே, ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆவது பாட்டில் வருகிறவள், அவள்தான் முன்மாதிரி. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு, வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய், விழுந்து கிடந்தவர்களைப் புரட்டிப் பார்த்து, துண்டுபட்ட மகனைக் கண்டு சந்தோஷப்பட்டவள் ஒருத்தி உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278-ஆவது பாட்டு அது. மேடைகளில் இந்த இரண்டு தாய்மாரையும் நாம் எத்தனை முறை அழைத்திருக்கிறோம்!

பிற்பாடு இந்தப் பாட்டுகளை எழுதுகிறவன் கண்ணோடு திரும்பப் படித்தேன். இரண்டையும் பாடியவர்கள் பெண்கள். மாசாத்தியார் வாழ்த்தோடு தொடங்கவில்லை, திடுக்கிட்டுத் தொடங்குகிறார். இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்ற பயம் முதல் அடியிலேயே இருக்கிறது. பிறகு மகனைக் கூப்பிட்டு, வெள்ளை வேஷ்டி உடுத்தி, காய்ந்த தலைமயிரில் எண்ணெய் தேய்த்து வாருகிறாள் அந்தத் தாய். அந்த எண்ணெயில்தான் கவிதை இருக்கிறது. வேலைக் கையில் கொடுப்பது அதற்கு முன்பே வந்துவிடுகிற காரியம். நச்செள்ளையாரும் சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதையும் காட்டுகிறார். மேடைப் பேச்சாளர் அந்தத் திடுக்கிடலையும், எண்ணெயையும், பிணங்களையும் நறுக்கிவிட்டு, வேலையும் சந்தோஷத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். என் கதையும் அந்தக் கத்தரிக்கோலால் செய்ததுதான். புலவர்கள் பிரசாரம் செய்யவில்லை. பாட்டைப் பிரசாரமாக்கியது நாம் வெட்டிய வெட்டு.

யுத்தப் பிரசாரம் என்றால் பொய் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். முழுப் பொய்க்கு ஆயுள் குறைவு. உண்மையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் அது நெடுங்காலம் ஓடும். எடுக்கப்படுவது பெரும்பாலும் சோற்றுப் பானையாக இருக்கிறது.

ஜெயங்கொண்டார் இதில் கெட்டிக்காரர். முதலாம் குலோத்துங்கனின் சேனாபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததைப் பாடியது கலிங்கத்துப்பரணி. அரசனுக்குப் புகழ் பாடுவதற்கென்றே எழுந்த நூல். ஆனால் அதில் பேய்கள் கூழ் அடுகிற பகுதியைப் படியுங்கள். செத்தவர்களின் பற்களே அரிசி. அதைக் குத்தி, புடைத்து, உலையில் போடுகின்றன. ராஜாவின் சோற்றைத் தின்று ராஜாவின் வெற்றியைப் பாடிய கவியின் உலையில் என்ன வெந்தது என்பதை அவரே எழுதி வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, கவிதை அவரை மீறிச் செய்துகொண்டதா என்பது வேறு விஷயம். பரணியை வீர நூல் என்று சொல்லுகிறவர்கள் அந்தப் பகுதியை ஹாஸ்யம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஜில்லாவிலேயே ஒரு யுத்தம் உண்டு. 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையை மார்த்தாண்டவர்மா தோற்கடித்தார். மிளகு வியாபாரம் யார் கையில் இருப்பது என்பதில் வந்த சண்டை. கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது. மதராஸ் ரெஜிமெண்டில், பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பட்டாளம் அந்த வெற்றியை இன்றும் நினைவுகூர்கிறது. மீன்பிடிக்கிற ஜனங்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்திக்கொண்டு வரிசையாக நின்று டச்சுக்காரர்களை மிரட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சரித்திரமோ கற்பனையோ, அழகான கதை. ஆனால் அந்தச் சண்டை முடிந்த விதத்தைப் பற்றிச் சொல்லப்படுவது இன்னொன்று. டச்சுக்காரர்களின் பாசறையில் வெடிமருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்து தீப்பற்றி, அவர்கள் வைத்திருந்த அரிசி முழுதும் எரிந்து போயிற்று. அதன் பிறகு சரணடைந்தார்கள். ஆக, பீரங்கிகள் பேசிய பேச்சையெல்லாம் கடைசியில் முடித்து வைத்தது அரிசி.

பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய் ராஜாவின் சேவையில் சேர்ந்து, படையைப் பழக்கி, பெரிய சேனாபதியானார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இருக்கிறது. வென்றவனுக்குத் தூண், தோற்றுக் கட்சி மாறியவனுக்குக் கல்லறை. துடுப்பைத் தூக்கியவர்களுக்கு ஒரு கதை மட்டும். சண்டை நடந்த வாரத்தில் அவர்கள் கடலுக்குப் போனார்களா, வீட்டில் உலை வைத்தார்களா என்பதைத் தூண் சொல்லாது. தூணுக்கு அது வேலையில்லை. கதை எழுதுகிறவனுக்கு அதுதான் வேலை.

இரண்டாவது உலக யுத்தத்தில் வெள்ளைக்கார சர்க்கார் நம்முடைய சினிமாக்காரர்களையும் யுத்தப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஃபிலிம் கிடைப்பது சர்க்கார் தயவில் இருந்த காலம். 1945-ல் வந்த ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ போன்ற படங்கள் அப்படிப் பிறந்தவை. பர்மாவில் ஜப்பானியருக்கு எதிராக நடக்கும் வீரதீரச் செயல்களைத் திரையில் ஜனங்கள் பார்த்தார்கள். ஆனால் அன்றைய திருவிதாங்கூர்க்காரனுக்கு பர்மா என்றால் கப்பலில் வருகிற அரிசி. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுவிட்டது. ரேஷன் வந்தது. சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாஞ்சில்நாட்டுக்குப் பக்கத்திலேயே, கல்குளத்திலும் விளவங்கோட்டிலும், மரச்சீனிக் கிழங்குதான் வயிற்றைக் காத்தது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பு. சினிமாவில் ராணி வந்தாள், அரிசி வரவில்லை.

நம்முடைய கதைகளும் படங்களும் சில்லறை வியாபாரம்தான். மொத்த வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். 1990-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. அக்டோபர் 10-ஆம் தேதி வாஷிங்டனில் சட்டசபை உறுப்பினர்கள் சிலருடைய குழுவின் முன் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். பெயர் நயீரா என்று மட்டும் தெரிவித்தார்கள். குவைத்து ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து ஈராக்கியச் சிப்பாய்கள் குழந்தைகளை வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் சாகப் போட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லி அழுதாள். ஜனாதிபதி புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனவரியில் யுத்தம் தொடங்கியது. 1992-ல் விஷயம் வெளிவந்தது: அவள் அமெரிக்காவிலிருந்த குவைத்துத் தூதரின் மகள், சாட்சியத்தை ஏற்பாடு செய்தது குவைத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு விளம்பரக் கம்பெனி, கண்ணாடிப் பெட்டிக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் தொழில் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அந்த விளம்பரக்காரர்கள் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை, எல்லையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பெண், ஒரு பச்சைக் குழந்தை, ஒரு குளிர்ந்த தரை. அந்த ‘குளிர்ந்த’ என்ற சொல்லைப் பாருங்கள். நல்ல சிறுகதைக்காரன் போடுகிற சொல். தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்தால் கேட்பவன் கணக்குப் பார்க்கமாட்டான் என்று பத்தொன்பது வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்குக் கூலி கிடைத்தது. எனக்குப் பரிசு கிடைத்தது.

வேறு முறைகளும் உண்டு. 1964 ஆகஸ்டு 4-ஆம் தேதி டோங்கின் வளைகுடாவில் வடவியட்நாம் படகுகள் இரண்டாம் முறையாகத் தாக்கின என்றார்கள். அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் மூன்றே நாளில் யுத்தத்துக்கு அனுமதித் தீர்மானம் நிறைவேறிவிட்டது. 2003-ல் ஈராக்கில் நாசகார ஆயுதங்கள் இருக்கின்றன என்றார்கள். நாடு அழிந்த பிறகும் அவை அகப்படவில்லை. இவையெல்லாம் ராஜாங்கக் கதைகள். நம் வீட்டு வாசலுக்கு வந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

2012 ஜூலை 16-ஆம் தேதி, துபாய்க்குப் பக்கத்தில் ஜெபல் அலித் துறைமுகத்துக்கு வெளியே, ரப்பஹானக் என்ற அமெரிக்கக் கடற்படையின் கப்பலிலிருந்து ஒரு மீன்பிடிப் படகின்மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். படகில் இருந்தவர்களில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தமிழர் இறந்தார். மூன்று பேர் காயமடைந்தார்கள். எச்சரிக்கைகளை மதிக்காமல் படகு வேகமாக நெருங்கியது என்று கடற்படை அறிக்கை சொன்னது. எச்சரிக்கை ஒன்றுமே இல்லை, திடீரென்று சுட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். படகு தன் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, ஆபத்து எதுவும் தரவில்லை என்று தெரிவதாகத் துபாய்ப் போலீஸ் தலைவரும் சொன்னார். கப்பல்காரர்களுக்குப் பயம் இருந்திருக்கலாம். 2000-ல் ஏடன் துறைமுகத்தில் ஒரு சின்னப் படகு வெடித்துத்தான் அவர்களுடைய மாலுமிகள் பதினேழு பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நான் பார்ப்பது அறிக்கையின் பாஷையை. அதில் படகு நெருங்குகிறது, படகு மதிக்கவில்லை. படகுக்குள் மனிதன் இல்லை. மீன் விற்ற காசை மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிறவன், அந்தக் காசில் அரிசி வாங்குகிற ஒரு வீடு, இவை அந்த வாக்கியத்தில் நுழைய இடமே இல்லை. கடலுக்குப் போகிற ஜனங்கள் நிறைந்த எங்கள் ஜில்லாவில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள், எழுதாமல் விட்டதை எல்லாம் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள்.

அமெரிக்கா என்று ஒரே மூச்சில் திட்டிவிட்டு எழுந்துபோவது சுலபம். ஆனால் அந்த ஊரிலிருந்து ஒருவர் எங்கள் கடற்கரைக்கு வந்திருந்தார். 1959 பிப்ரவரி 22-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவியும் திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு வந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து சூரியன் அஸ்தமிப்பதைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் சந்திரன் எழுந்ததைப் பிற்காலத்தில் அவர் தம் பிரசங்கத்தில் நினைவுகூர்ந்தார். அந்தப் பயணத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் மனம் சுருங்கினாலும், யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

எட்டு வருஷம் கழித்து, 1967 ஏப்ரல் 4-ஆம் தேதி, நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் அவர் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்துப் பேசினார். உலகத்தில் அதிகமாக வன்முறையைப் பரப்புவது தம் சொந்த சர்க்கார்தான் என்றார். ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை யுத்தம் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்றார். பெரிய பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. நீக்ரோக்களின் உரிமைக்குப் போராடுகிறவர் ராஜ்ய விவகாரத்தில் தலையிடுவானேன் என்று நண்பர்களே கேட்டார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 4-ஆம் தேதி, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதற்கெல்லாம் முன்னால், 1953-லேயே, ஐஸன்ஹோவர், சேனாபதியாக இருந்து ஜனாதிபதியானவர், செய்கிற ஒவ்வொரு துப்பாக்கியும் பசித்தவனிடமிருந்து திருடியதுதான் என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் சொன்னது ஔவை நாஞ்சில் மலையில் கண்டதைத்தான்: ஜனங்கள் அரிசி கேட்கிறார்கள், ராஜாக்கள் யானை கொடுக்கிறார்கள். 2024-ல் உலக ராஜாங்கங்கள் யானைக்குச் செலவழித்தது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோமில் உள்ள சமாதான ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொல்கிறது. அதில் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி.

அப்படியானால் கார்கிலில் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையுச்சியில் வந்து உட்கார்ந்தவனை ராட்டை சுற்றி இறக்கியிருக்க முடியும் என்று நான் சொல்லத் தயாரில்லை. அந்த யுத்தத்தில் நம் பக்கம் 527 பேர் இறந்தார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. காந்தியே 1918-ல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போனார். வரிகொடா இயக்கத்தின்போது காசு வாங்காமல் வண்டி கொடுத்த குடியானவர்கள், அப்போது வாடகைக்குக்கூட வண்டி கொடுக்கவில்லை என்று அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அகிம்சையை போதித்தவர் தடுமாறிய இடத்தில் அந்தக் குடியானவர்கள் தடுமாறவில்லை. அவர்கள் எங்கள் ஆச்சியின் ஜாதி.

என் வழக்கு சிப்பாயோடு அல்ல. அகிம்சைக்குக் கதை இல்லை என்று எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தோடுதான். யுத்தத்தில் நாலு நாளில் நாற்பது சம்பவம் கிடைக்கும். சத்தியாக்கிரகத்தில் ஒருவன் ஒரு தெருமுனையில் நிற்பான். நாளைக்கும் அங்கேயே நிற்பான். எழுதுகிறவனுக்கு அலுப்பு. 1924-ல் வைக்கத்தில் வெள்ளம் வந்தபோது சத்தியாக்கிரகிகள் தண்ணீரில் நின்றார்கள். போலீஸ்காரர்கள் படகில் உட்கார்ந்து காவல் காத்தார்கள். இதைவிட விசித்திரமான ஒரு யுத்தக் காட்சியை எந்தப் பரணியில் பார்க்க முடியும்? 1926-ல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக, டாக்டர் எம்பெருமாள் நாயுடு போன்றவர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. நான் எத்தனையோ நாள் நடந்த தெரு அது. குளச்சல் தூணைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். சுசீந்திரத்துத் தெருமுனையில் நின்றவன் மத்தியானம் எங்கே சாப்பிட்டான், யார் அவனுக்குச் சோறு போட்டது, போட்டவளை ஊர் என்ன சொல்லிற்று என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த மண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

புறநானூற்றுப் புலவர்களுக்கு அந்த அலுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது, கோவூர் கிழார் அவனிடம் பேசியது 44-ஆவது பாட்டு. கவளம் கிடைக்காத யானைகள், பாலில்லாமல் கதறும் குழந்தைகள், பூவில்லாத தலையை முடிந்துகொள்ளும் பெண்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி இருக்கிறாய் என்பதே அவர் வாதம். அடுத்த பாட்டில் இரண்டு சோழர்களுக்கும் நடுவில் நின்று, யார் தோற்றாலும் உங்கள் குடிதான் தோற்கும் என்கிறார். ஔவையும் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள். உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன; எங்களவனுடையவை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று 95-ஆவது பாட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஆயுத சாலையைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு இதைவிட மரியாதையாகச் சூடு போட முடியாது. மகனுக்கு வேல் கொடுத்த தாயையும், ராஜாவிடம் அரிசி கேட்ட இந்தக் கிழவியையும் ஒரே நூலில்தான் வைத்திருக்கிறார்கள். நாம் ஒருத்தியை மட்டும் மேடைக்குக் கூப்பிடுகிறோம்.

என் கதைகளைத் தொகுத்தபோது அந்தப் பரிசுக் கதையை நான் சேர்க்கவில்லை. பிரசுரகர்த்தர் வருத்தப்பட்டார், வாசகர்களுக்கு இன்னும் ஞாபகம் இருப்பது அதுதான் என்றார். சேர்க்காமல் விட்டதைத் தைரியம் என்றும் சொல்ல முடியாது. மறைத்ததாகவும் ஆகிவிடும். அதனால்தான் இங்கே சொல்லிவிட்டேன். அதைத் திருப்பி எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். செய்தி கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். ஊர்க்காரர்களும் போய்விட்டார்கள். ராத்திரி. அந்தத் தாய் எழுந்து அடுக்களைக்குப் போகிறாள். அரிசிப் பானைக்குள் நாழியை விடுகிறாள். இரண்டு பேருக்கு அளந்து பழகின கை. அங்கே வந்து நின்றுவிடுகிறது. அவள் எவ்வளவு அரிசி எடுத்தாள் என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.